மார்க் இல்லாத பாடம்

பிள்ளையை ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரேட்) டிப்ளமோவில் சேர்க்க வரும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "இது பிளஸ் டூவுக்குச் சமமா மிஸ்?" என்றுதான். சமம்தான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அங்கீகரித்திருக்கிறது. "மொத்தம் எத்தனை மார்க்?" என்பது அடுத்த கேள்வி. 45 என்றதும் சிலருக்கு முகம் சுண்டிப்போகும். பிறகு நான் சி.ஏ.எஸ். பற்றிச் சொல்வேன். "அதுக்கு எவ்வளவு?" "மார்க் கிடையாதுங்க. ஆனா அதை முடிக்காட்டி டிப்ளமோவும் கிடையாது."

சென்னைப் புறநகரில் ஒரு பள்ளியில் அந்த மார்க் இல்லாத பகுதியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

ஐ.பி. டிப்ளமோ இரண்டு வருடப் படிப்பு. ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஏழு புள்ளி. கணக்கும் அறிவியலும் பிடித்த பிள்ளையும் இலக்கியம், இன்னொரு மொழி, வரலாறோ பொருளாதாரமோ படித்தாக வேண்டும். இவற்றோடு தானே தேர்ந்தெடுத்த ஒரு கேள்வியை ஆராய்ந்து, 4,000 சொற்களுக்கு மிகாமல் கட்டுரை எழுத வேண்டும். நமக்குத் தெரிந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் அறிவுக் கோட்பாடு ஒரு தனி வகுப்பு. இந்த இரண்டுக்கும் சேர்த்து மூன்று புள்ளி.

1968-இல் ஜெனீவாவில் உருவான அமைப்பு ஐ.பி. நாடு நாடாக மாற்றலாகிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கும் ஒரே தேர்வு வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன், ஜெர்மன் கல்வியாளர் கர்ட் ஹானின் எண்ணங்களில் பிடிப்புள்ளவர். ஹான் 1962-இல் வேல்ஸ் கடற்கரையில் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியில் மாணவர்கள் படிப்போடு கடல் மீட்புப் பணியும் செய்தார்கள். இன்று உலகெங்கும் மீட்புப் படையினர் ஓட்டும், கெட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த ஓரமும் கொண்ட படகு, அந்த மாணவர்களின் கைவண்ணத்தில் உருவானது. ஐ.பி.யை ஆரம்பத்திலேயே ஏற்ற பள்ளிகளில் அந்தக் கல்லூரியும் ஒன்று. இந்தியாவில் முதலில் ஏற்றது நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-இல்.

படிப்போடு பணியும் என்ற அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான் சி.ஏ.எஸ்.: படைப்பு, உடலுழைப்பு, சேவை. பதினெட்டு மாதம் நடக்கும். முன்பு 150 மணி நேரம் என்று கணக்கு இருந்தது. மணியை நிரப்புவதே குறியாகிவிடும் என்பதால் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பார்ப்பது, என்ன கற்றாய் என்பதை. ஒரு திட்டமாவது குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும். ஆராய்தல், ஆயத்தம், செயல், சிந்தித்தல், பிறருக்கு எடுத்துக்காட்டல் என்று ஐந்து படிகள். பிள்ளைகள் முதல் படியைத் தாண்டிக் குதித்து மூன்றாவதில் நிற்பார்கள்.

ஒரு மாணவி பிளாஸ்டிக் விழிப்புணர்வு போஸ்டர்களோடு வந்தாள். படமெல்லாம் அழகு. "யாருக்குக் காட்டப் போறே?" "குப்பை அள்ளுறவங்களுக்கு மிஸ்." போய்ப் பேசிவிட்டு வா என்று அனுப்பினேன். பேட்டரி வண்டியோடு வரும் அக்கா போஸ்டரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "கண்ணு, இதெல்லாம் எனக்குத் தெரியும். போடுறவங்களுக்குச் சொல்லு. உடைஞ்ச கண்ணாடிய மீன் கழிவோட ஒரே கவர்ல கட்டிக் குடுக்குறாங்க, பாரு" என்று கையை நீட்டியிருக்கிறார். கையுறை கிழிந்த இடத்தில் ஆட்காட்டி விரலில் நீளமாக ஒரு வெட்டு, சுற்றிலும் பழைய தழும்புகள்.

போஸ்டர்கள் அலமாரிக்குப் போயின. அவள் தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் தளத்துக்கு ஒரு சிவப்பு வாளி வைத்தாள்: கண்ணாடி, பிளேடு, ஊசி மட்டும். மூன்றாம் மாடி மாமா அதில் தேங்காய் ஓட்டைப் போட்டார். மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். சங்கச் செயலாளர் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்றார். அவரிடம் பேசிப் பேசி அனுமதி வாங்கினாள். படைப்பு, உடலுழைப்பு, சேவை மூன்றும் அதிலேயே சேர்ந்துவிட்டன.

செய்ததைப் பற்றி அவர்களே எழுத வேண்டும். "நல்ல அனுபவமாக இருந்தது" என்று எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இவள் எழுதியது: "எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போனேன். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை." பதினேழு வயதில் இது புரிந்தால் பெரிய விஷயம்.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. ஐ.பி. பள்ளிகளின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை இந்த டிப்ளமோ படிப்பது அபூர்வம். சேவை என்ற பெயரில் வசதியான பிள்ளைகள் ஏழைகளோடு படம் எடுத்துக்கொள்வதாக முடிந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் நம் பள்ளிகளில் அது விரும்பியவர் சேர்வது. அதைச் செய்யாததால் யாரும் பிளஸ் டூவில் தோற்பதில்லை.

நல்ல செய்தி, ஆராய்தல் என்ற முதல் படிக்குக் கட்டணமே இல்லை. எந்தப் பள்ளியும் நாளைக்கே தொடங்கலாம். பிள்ளைகளை வெளியே அனுப்பி நாலு பேரிடம் கேட்டுவரச் சொல்ல, வாரத்தில் ஒரு பீரியட் போதும். அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.