கைப்பேசியின் அலைக்குறைவும் அதனைத் தீர்க்கும் வழியும்

இந்தியாவில் முதற் கைப்பேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியிலிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்துச் செல்வர் சிலர்க்கே உரியதாயிருந்த அக்கருவி, இன்று விடுதி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் உளது. கட்டணஞ் செலுத்துதலும், தேர்வு முடிவறிதலும், வீட்டாருடன் அளவளாவுதலும் அதனையே பற்றி நிற்கின்றன. 2020-ஆம் ஆண்டிற் கல்லூரிகள் அடைபட்டிருந்தபொழுது, மலையூர்களில் வாழ்ந்த மாணவர் பலர் பாடங் கேட்டற்பொருட்டு மரத்தின்மீதும் பாறையின்மீதும் ஏறி நின்ற செய்தியை நாடறியும்.

இவ்வாறாகவும், சிக்னல் குன்றியபோழ்து அதன் காரணத்தை ஆராய்வார் சிலரே. சிலர் கருவியைப் பழித்துப் புதியதொன்று வாங்குவர். சிலர் நிறுவனத்தைப் பழித்து ஓய்வர். சிலர் தம் ஊரின் தலைவிதி இதுவெனக் கொண்டு வாளாவிருப்பர். காரணம் இன்னதென்று வேறுபடுத்தி அறிந்தாலன்றி, நம் கையால் தீர்வது எது, நிறுவனத்தாரைக் கேட்டுப் பெறத்தக்கது எது என்பது விளங்காது. அதனை இயன்றவரை விளக்க யாம் முற்படுகின்றோம்.

கைப்பேசி அலையை வாங்குவதோடு அமையாது, விடுக்கவுஞ் செய்கின்றது. வானொலிப் பெட்டிக்குக் கேட்டல் ஒன்றே தொழில். கைப்பேசிக்கோ கேட்டலும் பேசலும் ஆகிய இரண்டும் தொழில். டவர் எனப்படும் அலைக்கோபுரத்துப் பொறிகள் பல பத்து வாட் ஆற்றலோடு அலையை வீசுகின்றன. நம் கைப்பேசி 4ஜி முறையில் விடுக்கும் மிகப் பெரிய ஆற்றல் ஏறத்தாழ ஒரு வாட்டில் ஐந்திலொரு பங்கேயாம். குன்றின்மேல் நின்று பறையறைந்து கூவுவான் ஒருவனுக்கு, அடிவாரத்திலிருந்து ஒரு சிறுவன் மறுமொழி கூறுவதை இஃது ஒக்கும். கூவுவான் குரல் சிறுவனுக்கு எட்டும். சிறுவன் குரல் அவனுக்கு எட்டாமற் போதல் கூடும். திரையிற் சிக்னல் காணப்படவும் அழைப்புச் செல்லாமையும், நாம் பேசுவது மட்டும் எதிர்ப்புறத்தார்க்குக் கேளாமையும் பன்முறை இக்காரணத்தான் நேர்வன. மேலும், டவர் சேய்மைக்கண் இருப்பின் கைப்பேசி தன் ஆற்றல் முழுவதையுஞ் செலுத்திக் கூவவேண்டியிருத்தலின், அதன் பேட்டரி விரைவில் ஒழியும். காரணமின்றிப் பேட்டரி தேய்வதாக வருந்துவார் சிக்னலையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

இனி, சிக்னலை அளக்கும் வகை யாதெனக் காண்பாம். திரையின் மேற்புறத்து நிற்கும் கோடுகளையே அனைவரும் அளவாகக் கொள்கின்றனர். அக்கோடுகளுக்கு உலகனைத்துக்கும் பொதுவானதோர் அளவு இல்லை. கருவி செய்வோர் தத்தமக்கு ஏற்றவாறு வகுத்துக் கொள்கின்றனர். 2010-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஆப்பிள் நிறுவனத்தார், தம் ஐபோன் 4 பற்றி எழுந்த முறையீடுகளை ஆராய்ந்தபின், கோடுகளைக் கணக்கிடுந் தம் சூத்திரம் முற்றும் பிழையுடையதென்றும், இருக்கவேண்டியவற்றினும் இரண்டு கோடுகளை அது பலவிடத்து மிகுத்துக் காட்டிற்றென்றும் தாமே வெளியிட்டனர். ஆதலின் கோட்டை நம்பாது எண்ணை நோக்குதல் வேண்டும்.

ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில், அமைப்புகளுள் கருவியைப் பற்றிய பக்கத்தில், சிம் நிலை என்னுமிடத்து அவ்வெண் காணப்படும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைப்பின் அளவுப் பக்கம் திறக்கும். டிபிஎம் என்னும் அலகில் வரும் அவ்வெண் கழித்தற்குறி உடையது. சுழியத்திற்கு அணித்தாக வரவர வலிது. சேய்த்தாகச் செல்லச் செல்ல மெலிது. 4ஜி முறையில் −85 நன்று; −100 நடுத்தரம்; −115-க்குக் கீழ்ப்பட்டது நலிவு. எண் 10 இறங்கின் ஆற்றல் பத்திலொன்றாகும். 20 இறங்கின் நூற்றிலொன்றாகும். எனவே −90-க்கும் −110-க்கும் உள்ள வேற்றுமை காட்சிக்குச் சிறிதாயினும் உண்மையில் நூறு மடங்காம்.

சிக்னல் குன்றுதற்குரிய காரணங்களை இடம், முறை, நெருக்கம், கருவி என நான்காகப் பகுக்கலாம். அவற்றை முறையே ஆராய்வாம்.

முதலாவது, இடம். நீண்ட அலை தடையைச் சுற்றிச் செல்லவும் சுவரை ஊடுருவவும் வல்லது. குறுகிய அலைக்கு அவ்வன்மை குறைவு. இந்நாட்டில் 5ஜிக்குப் பயன்படும் அலைகளுள் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 செண்டிமீட்டர். 3500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 9 செண்டிமீட்டருக்கும் குறைவு. ஆகலின் முற்றத்தில் விரைந்தோடிய 5ஜி அறைக்குட் புகுந்தவுடன் மறைதல் வியப்பன்று. இரும்புக் கம்பி செறிந்த கான்கிரீட்டுச் சுவர், தகரக் கூரை, உலோகப் பூச்சுடைய கண்ணாடி ஆகியன அலையைப் பெரிதும் தடுக்கும். பழைய கட்டடங்களின் தடித்த கற்சுவரும் அத்தன்மைத்தே. மலையின் மறைவில் அமைந்த ஊர், கோபுரம் அண்மையில் இருப்பினும், அலைநிழலில் அகப்பட்டுக் கொள்ளும். இதற்குச் சாளரத்தருகே செல்லுதலும், மாடியேறுதலும், வெளியிற் போதருதலுமே மருந்து. அன்றியும், சுவர்களிற் பட்டு மீளும் அலைகள் ஓரிடத்து ஒன்றையொன்று வலியுறுத்தியும் பிறிதோரிடத்து ஒன்றையொன்று அழித்தும் நிற்றலின், கருவியை ஒரு சாண் நகர்த்தினும் அளவு மாறக் காணலாம்.

இரண்டாவது, முறை. 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய அலைத் தலைமுறைகள். இவற்றுள் எதனைக் கைப்பேசி நாடவேண்டும் என்பதை நெட்வொர்க் முறை என்னும் அமைப்பு முடிவு செய்கின்றது. 4ஜி தரவைக் கொண்டு செல்லவே வகுக்கப்பட்டது. பழைய வகைக் குரல்வழி அதன்கண் இல்லை. குரலையுந் தரவாக்கி 4ஜியின் வழியே அனுப்பும் ஏற்பாட்டிற்கு வோல்ட்டி என்று பெயர். அஃது அடைக்கப்பட்டிருப்பின், அழைப்பு வருங்கால் கைப்பேசி 4ஜியை விடுத்து 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கும். அவை அவ்விடத்து இல்லையாயின் அழைப்பே கிட்டாது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஜியோ நிறுவனம் 4ஜி ஒன்றையே கொண்டு தொடங்கிற்று. அதற்கு 2ஜியும் 3ஜியும் இல. ஏர்டெல் நிறுவனமோ 2020-ஆம் ஆண்டளவில் 3ஜியை நிறுத்தி, 2ஜியை வைத்துக்கொண்டது. ஆகவே 3ஜி மட்டும் என அமைந்த கைப்பேசிக்கு இவ்விரண்டிலும் சிக்னல் கிட்டாது. கருவி பழுதென்று கருதிப் பொருளை இழப்பார், இவ்வொரு விசையை முன்னரே நோக்கியிருப்பின் இழவாதிருப்பர்.

5ஜி இந்நாட்டில் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்கிற்று. அதனுள்ளும் தனித்து நிற்பது, 4ஜியைச் சார்ந்து நிற்பது என இருவகை உள. சார்ந்து நிற்பதாயின், 4ஜி நலிந்தவிடத்து 5ஜியும் நலியும். 5ஜி மெலிந்து வரும் எல்லையிடங்களிற் கைப்பேசி இரண்டிற்குமிடையே ஊசலாடுதலின், பேச்சு இடையறும், பேட்டரியும் தேயும். ஆண்டு 4ஜி முறையைத் தேர்ந்து கொள்ளுதல் நன்று. அவ்விடம் நீங்கியபின் தானியங்கு முறைக்கு மீட்க மறத்தலாகாது.

இம்முறைப் பொருத்தம் உயிர்காக்கும் செய்தியுமாம். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்னும் இரு நிறுவனங்களும் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 28 முதல் 3ஜியை மூடத் தொடங்கின. அந்நாட்டிலிருந்த கைப்பேசிகளுட் சில, நாடோறும் 4ஜியிற் செவ்வனே இயங்கினும், 000 என்னும் அவசர எண்ணை அழைக்குங்கால் மட்டும் 3ஜிக்கு இறங்குமாறு அமைந்திருந்தன. உடையார் பலர்க்கு அஃது தெரியாது. 3ஜி மறைந்தபின் அக்கருவிகள் ஆபத்துக்காலத்தில் ஊமையாய்விடும் ஆதலின், அவற்றை நிறுவனத்தார் தம் வலையிற் சேர்த்தலாகாதென அரசு விதித்தது. முறை என்பது விரைவைப் பற்றியது மட்டுமே என்று எண்ணுவார்க்கு இந்நிகழ்ச்சி தக்கதோர் அறிவுரையாகும்.

மூன்றாவது, நெருக்கம். ஒரு டவரின் அலைவளம் அதனைச் சார்ந்தார் யாவர்க்கும் பொது. தேர்த்திருவிழாவிலும், தேர்வு முடிவு வெளிப்படும் பொழுதிலும், கோடுகள் நிறைந்திருப்பினும் பக்கந் திறவாது. ஊருக்கு ஒரே குழாயாயின், அதனருகே நிற்பார்க்கும் முறைவந்தாலன்றி நீர் கிட்டாமைபோல இதனைக் கொள்க. விடியலில் விரைந்தியங்கி இரவு எட்டு மணிக்குமேல் தளருமாயின், காரணம் பெரும்பாலும் நெருக்கமேயாம். இதற்கு நம் கருவியில் மருந்து தேடுதல் வீண். வேறு பொழுதை நாடுதலும், கூடுமாயின் வைஃபையைக் கொள்ளுதலும், நிறுவனத்தார்க்கு அறிவித்தலுமே செயற்பாலன.

நான்காவது, கருவி. சிம் அட்டை அழுக்கேறியோ இடம் பெயர்ந்தோ இருத்தல் கூடும். 4ஜி வருமுன் வாங்கிய பழைய அட்டையாயின், அதனை மாற்றினாலன்றி 4ஜி கிட்டாமற் போகலாம். இரண்டு சிம் உடைய கருவியில், தரவுக்கு எந்தச் சிம் என்பது மாறியிருத்தலும் உண்டு. உலோகங் கலந்த உறையும் அலையைத் தடுக்கும்.

நிற்க. இந்நான்கனுள் யாதென்று துணிதற்கு ஒப்புநோக்கலே சிறந்த வழி. அதே நிறுவனத்தின் சிம் உடைய நண்பர் கைப்பேசியை அதே இடத்தில் வைத்து எண்ணை நோக்குக. இரண்டும் நலிந்திருப்பின் குற்றம் இடத்தினுடையது. நம்முடையது மட்டும் நலிந்திருப்பின் முறையையோ கருவியையோ ஐயுறுக. இரண்டிலும் எண் நன்றாயிருந்தும் தரவு ஓடாதாயின் நெருக்கமெனக் கொள்க. நம் சிம்மை நண்பர் கருவியில் இட்டு நோக்கின், பிழை அட்டையினதா கருவியினதா என்பதும் வெளிப்படும்.

பிழை நம்மிடத்ததாயின், எளியதினின்று அரியதற்குச் செல்லுதல் முறை. விமான முறையை அரை நிமிடம் இட்டு நீக்குக. கைப்பேசி டவரைப் புதிதாக நாடும். பயன் இன்றேல் கருவியை அணைத்து ஏற்றுக. பின்னர் நெட்வொர்க் முறை தானியங்காக உளதா, வோல்ட்டி திறந்துளதா, நிறுவனத்தைத் தேர்தலும் தானியங்காக உளதா என்று நோக்குக. வெளியூர் சென்று மீண்டார்க்கு இவ்விறுதியானது பன்முறை மாறிக் கிடக்கும். அடுத்து, சிம்மை எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து இடுக. மென்பொருளைப் புதுப்பிக்க. யாவும் பயனின்றிக் கழிந்தால் நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமைக்க. இதனாற் படங்களும் கடிதங்களும் அழியா. வைஃபைக் கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் அழியும் ஆதலின், அச்சொற்களை முன்னரே குறித்துக் கொள்க.

இடமே குற்றமுடையதாகி, அங்கு வைஃபை இருக்குமாயின், வைஃபை வழி அழைப்பு என்னும் அமைப்பைத் திறந்து கொள்ளலாம். இவ்வசதி இந்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து உளது. சிக்னலைப் பெருக்குவதாகக் கூறும் செயலிகளை நம்பவேண்டா. மென்பொருள் அலையை ஆக்கமாட்டாது. அலைபெருக்கி எனக் கடைகளில் விற்கும் பெட்டியை அரசின் ஒப்புதலின்றி நிறுவுதல் சட்டத்திற்கு மாறாவதோடு, அண்டையிலுள்ளார் பலர்தம் அழைப்புகளையும் கெடுக்கும்.

இடமும் நெருக்கமும் காரணமாயின், தீர்வு நிறுவனத்தார் கையது. அவர்தம் குறைகேட்பு எண் 198. அங்கு முறையிடுங்கால் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் கூறின் பயன் சிறிது. எவ்விடத்து, எந்நாளில், எம்மணியில், எம்முறையில், எத்துணை டிபிஎம் என்று குறித்துக் கூறி, முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெறுக. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, நிறுவனத்தார் தம் அலை எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தைத் தம் இணையதளத்தில் வெளியிடுதல் வேண்டும். அவ்வரைபடத்தில் நம் ஊர் வண்ணமிட்டுக் காட்டப்பட்டிருப்ப, நம் திரையில் −120 நிற்குமாயின், அவ்விரண்டையும் ஒருங்கு வைத்துக் கேட்கும் கேள்விக்கு விடை கூறுதல் அவர் கடன்.

இறுதியாக ஒன்று. திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று தோன்றுமாயின், நம் நிறுவனத்தின் அலை இல்லையாயினும் பிறிதொரு நிறுவனத்தின் அலை ஆங்கு எட்டுகின்றது என்பது பொருள். அதன்வழியே 112 என்னும் எண்ணை அழைக்கலாம். இதனை அறியாதார், உதவி கைக்கெட்டுந் தொலைவில் இருக்கவும், இல்லையென்று கலங்கி நிற்பர்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவ நண்பர்கள், தம் பெற்றோர் கைப்பேசியை ஒருமுறை வாங்கி, முறையும் வோல்ட்டியும் செவ்வனே உளவா என்று நோக்கி, வீட்டின் எம்மூலையில் எண் மிகுதியாக உளதென்பதை அவர்க்குக் காட்டி வருவார்களாக. கால் நாழிகையில் முடியும் அச்செயல், நள்ளிரவில் ஓர் அழைப்பு எட்டுவதற்கும் எட்டாமைக்கும் காரணமாதல் கூடும்.