உடுமலை மலை கிராமங்களுக்கு நடந்து செல்லும் மருத்துவ குழுக்கள்: முகாம் முடிந்த மறுநாள் காய்ச்சல் வந்தால்?

உடுமலை:

பனியன் நகரமான திருப்பூரில் தெருவுக்கு தெரு ஆஸ்பத்திரி. 2022-ம் ஆண்டு ஜனவரியில் அரசு மருத்துவக்கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் இதே மாவட்டத்தின் தெற்கு எல்லையில், ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மலை கிராமங்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், முதலில் தேட வேண்டியது தொட்டில் சுமக்க ஆட்களைத்தான்.

நீளமான கம்பில் போர்வையையோ, சேலையையோ கட்டி, அதில் நோயாளியை படுக்க வைத்து, தோள் மாற்றி தோள் மாற்றி சுமந்து வருவார்கள். பிரசவ வலியில் துடித்த பெண்கள் இப்படி அடிவாரம் வந்து சேர்ந்தது பலமுறை நடந்திருக்கிறது.

குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, ஈசல்திட்டு, தளிஞ்சி, மஞ்சம்பட்டி என்று உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் முதுவர், புலையர் உள்ளிட்ட மலைவாழ் மக்களின் குடியிருப்புகள் உள்ளன. திருமூர்த்திமலையில் இருந்து குருமலைக்கு ஏறுவது ஒற்றையடி பாதை போன்ற செங்குத்தான வழி. மாவடப்புக்கு ஜீப்பில் போகலாம் என்றால், பொள்ளாச்சி, வால்பாறை ரோடு, காடம்பாறை என்று பெரிய சுற்று சுற்ற வேண்டும். தளிஞ்சிக்கு வழி சின்னாறு பக்கம். நடுவே கூட்டாறு குறுக்கிடும். மலையில் மழை கொட்டினால் ஆற்றில் வெள்ளம் வரும், ஊரே துண்டாகி விடும்.

இந்த ஊர்களுக்குத்தான் அரசு சுகாதார பணியாளர்களும், தன்னார்வ டாக்டர்களும், நர்சுகளும் முகாம் நடத்த போய் வருகிறார்கள். முதலில் வனத்துறை அனுமதி வேண்டும். விடிந்ததும் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் கீழே இறங்க முடியும். யானை நடமாட்டம் உள்ள காடு. மாத்திரை பெட்டி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஐஸ் வைத்த தடுப்பூசி பெட்டி எல்லாம் முதுகிலும் தோளிலும் தான்.

கஷ்டப்பட்டு மேலே போனால் பாதி பேர் வீட்டில் இருப்பதில்லை. தைலப்புல் அறுக்க, தைலம் காய்ச்ச, தோட்ட வேலைக்கு என்று போயிருப்பார்கள். முகாம் தேதியை முன்கூட்டியே சொல்லலாமே என்றால், செல்போன் டவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

முகாம் எதற்கு உதவும்?

ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், சொறி சிரங்கு, கண் புரை. இவற்றை கண்டுபிடிக்க முகாம் நல்ல வழி. ஆனால் கண்டுபிடித்த பிறகு? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை தினமும் போட வேண்டும். பத்து நாள் மாத்திரையை கொடுத்து விட்டு குழு இறங்கி விட்டால் பதினோராவது நாள் பழைய கதை தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போகிறது என்றாலும், கொண்டு போகிறவரும் அதே பாதையில் தான் ஏற வேண்டும்.

பிரசவ வலியும் பாம்புக்கடியும் முகாம் தேதி பார்த்து வராது. விஷமுறிவு மருந்து சிலருக்கு கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் டாக்டர் கண்காணிப்பில் தான் ஏற்ற வேண்டும், ஊரில் வாங்கி வைத்து போட்டுக்கொள்ள முடியாது. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்சும் ரோடு முடியும் இடம் வரைதான் வரும்.

ரோடு ஏன் இல்லை?

காட்டுக்குள் ரோடே போடக்கூடாது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2006-ம் ஆண்டு வன உரிமை சட்டம், ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் உள்பட 13 வசதிகளுக்கு வன நிலத்தை தர வழி செய்கிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குள் தான் நிலம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது.

இடிப்பது அந்த ஒரு ஹெக்டேர் தான். 3 மீட்டர் அகலத்தில் ரோடு போட்டால் சுமார் 3.3 கிலோ மீட்டரிலேயே ஒரு ஹெக்டேர் தீர்ந்து விடும். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைக்கு இது எம்மாத்திரம்? அதைத் தாண்டினால் மத்திய அரசின் வன அனுமதி, புலிகள் காப்பக விதிகள் என்று பைல் நகர ஆரம்பிக்கும். திருமூர்த்திமலை-குருமலை ரோட்டுக்காக மக்கள் வருடக்கணக்கில் மனு கொடுத்து போராடியதற்கு பின்னால் இந்த கணக்கும் இருக்கிறது.

ரோடு வரும் வரை கையை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993-ல் டாக்டர் தம்பதி ரெஜி, லலிதா ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அந்த பள்ளத்தாக்கில் பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்து கொண்டிருந்தன. அவர்கள் உள்ளூர் பழங்குடி பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது, எடை பார்ப்பது, ஆபத்தை முன்கூட்டியே கண்டு அனுப்புவது எல்லாம் அந்த பெண்கள் வேலை. சிசு மரணம் மளமளவென குறைந்தது. டாக்டர் இறங்கிப்போன பிறகும் ஊரில் ஒருவர் இருந்தார் என்பது தான் விஷயம்.

தமிழகத்தில் சில மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் பிரசவ தேதிக்கு முன்பே வந்து தங்க காத்திருப்பு அறைகள் உண்டு. முகாமுக்கு போகும் குழு, நிறைமாத கர்ப்பிணிகளின் பெயர், தேதியை எழுதி வந்து கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்தாலே பாதி தொட்டில் பயணம் மிச்சம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் பட்டியலையும் அதே கையோடு கொடுத்து விடலாம்.