பஞ்சு சீவும் இயந்திரம்: பெரிய மோட்டார் போட்டால் போதுமா?

போன தவணையில் படிவம் 4 மாணவர்களுக்கு ஒரு கருத்துணர்தல் பகுதி கொடுத்திருந்தேன். நூற்பாலைகளில் பஞ்சைச் சீவும் இயந்திரத்தைப் பற்றியது. "இந்த இயந்திரத்தின் அசைவு எவ்வாறு மேம்படுத்தப்பட்டது?" என்பது கடைசிக் கேள்வி. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் ஒரே பதில்தான்: "நவீனத் தொழில்நுட்பத்தின் வழி இயந்திரம் மேம்படுத்தப்பட்டு அதன் வேகம் அதிகரிக்கப்பட்டது."

நான் சிவப்பு மையில் "எப்படி?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாணவர் எழுந்து, "சார், பெரிய மோட்டாரா மாத்திட்டா வேகமா ஓடும்லா. அதுக்கு மேல என்ன எழுதுறது?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த விடைப்பட்டியலிலும் "வேகம் அதிகரித்தது" என்று மட்டும்தான் இருந்தது. அவருக்கு மதிப்பெண் குறைத்தது நியாயமா என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம். தேர்வு எழுதும் மாணவர்கள் ஓர் இயந்திரத்தின் செயலைத் தமிழில் எப்படி விளக்குவது என்பதற்கு ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் சீவ வேண்டும்?

பருத்திப் பஞ்சில் எல்லா இழையும் ஒரே நீளமாக இருப்பதில்லை. 30 மில்லிமீட்டர் இழையும் இருக்கும், 10 மில்லிமீட்டர் இழையும் இருக்கும். பொதுவாக அரை அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 12.5 மில்லிமீட்டருக்குக் குறைவான இழைகளைக் குட்டை இழை என்பார்கள். குட்டை இழைகள் நூலில் சரியாக முறுக்கிக்கொள்ளாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நூலில் நெய்த துணி சொரசொரப்பாக இருக்கும். தேய்க்கத் தேய்க்கப் பிசிறு கிளம்பும்.

மென்மையான சட்டைத் துணிக்கும் பனியன் துணிக்கும் நூல் வேண்டுமென்றால், நூற்பதற்கு முன்பே குட்டை இழைகளையும் சின்னச் சின்ன முடிச்சுகளையும் நீக்கி, நீள இழைகளை ஒரே வரிசையில் படுக்கவைக்க வேண்டும். இதைச் செய்வதுதான் கோம்பர் எனப்படும் சீவும் இயந்திரம். இதில் சீவிய பஞ்சில் நூற்ற நூலைக் கடைகளில் 'கோம்டு நூல்' என்கிறார்கள்.

ஹைல்மன் கண்ட வழி

பிரான்ஸ் நாட்டின் அல்சாஸ் பகுதியில் மியூலூஸ் என்ற ஊரைச் சேர்ந்தவர் ஜோசுவே ஹைல்மன். பருத்தியைச் சீவும் இயந்திரத்துக்கு 1845-இல் காப்புரிமை பெற்றார். தம் மகள்கள் கூந்தலை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு சீவுவதைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட 'சுய உதவி' என்ற நூலில் இதைச் சொல்கிறார். கதை எந்த அளவுக்கு உண்மையோ, இயந்திரத்தைப் புரிந்துகொள்ள நல்ல உதவி. முடியை ஓரிடத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீவினால், பிடியில் அகப்பட்டது நிற்கும், அகப்படாதது சீப்போடு வந்துவிடும். பஞ்சிலும் அதேதான். பிடியில் அகப்படும் அளவுக்கு நீளமான இழை தங்கும். குட்டை இழை கழிந்துபோகும்.

ஆனால் ஒரு வித்தியாசம். முடியின் ஒரு முனை தலையில் இருக்கிறது. பஞ்சு இழைக்கு இரண்டு முனையும் சும்மாதான் இருக்கின்றன. ஆகவே முதலில் ஒரு முனையைச் சீவி, பிறகு மறுமுனையைச் சீவ வேண்டும். இயந்திரத்தின் சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சுற்றில் என்னென்ன நடக்கிறது?

இன்றைய இயந்திரத்தில் ஒரு சுற்று இப்படிப் போகும்:

1. பஞ்சு விரிப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிமீட்டர் அளவு உள்ளே ஊட்டப்படுகிறது.
2. கவ்வி மூடிக்கொள்கிறது. இரண்டு தாடைகளுக்கு நடுவில் பஞ்சு இறுகப் பிடிபட்டு, அதன் முன்முனை தாடிபோல் தொங்குகிறது.
3. கீழே சுழலும் வட்டச் சீப்பின் பற்கள் அந்தத் தாடியைச் சீவிக்கொண்டு போகின்றன. பிடிபடாத குட்டை இழையும் தூசும் பற்களோடு போய்விடும். ஒரு தூரிகை அவற்றைத் துடைத்தெடுக்கும்.
4. சீவியதும் கவ்வி முன்னால் நகர்ந்தபடியே திறக்கிறது. அதே நேரத்தில், எதிரே இருக்கும் பிரித்தெடுக்கும் உருளைகள் பின்னோக்கிச் சுழன்று, ஏற்கெனவே வெளியே அனுப்பிய பஞ்சில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே கொண்டுவருகின்றன.
5. புதிதாகச் சீவிய முனை அந்தப் பழைய பஞ்சின் மேல் படிந்ததும், உருளைகள் திசை மாறி முன்னோக்கிச் சுழல்கின்றன. அப்படி இழுக்கும்போது மேல் சீப்பு பஞ்சுக்குள் இறங்கி நிற்கும். இழைகளின் பின்முனை அதன் பற்களுக்கிடையே புகுந்து வருவதால் அதுவும் சீவப்பட்டுவிடுகிறது.
6. கவ்வி பின்னால் போகிறது. அடுத்த சுற்று.

நான்காவது படியை மறுபடியும் படியுங்கள். வெளியே போன பஞ்சை எதற்காகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்? கவ்வி ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கற்றையைத்தான் தருகிறது. கற்றைகள் தனித்தனியாக விழுந்தால் தொடர்ச்சியான பஞ்சுத் திரி கிடைக்காது. ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்தால்தான் திரி அறுபடாமல் வரும். அதனால் உருளைகள் நிறைய முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, மறுபடி நிறைய முன்னே போகின்றன.

பெரிய மோட்டார் ஏன் போதாது?

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருவோம்.

நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.2 வினாடி. அதற்குள் மேலே சொன்ன ஆறும் நடந்தாக வேண்டும். ஒரு சுற்றில் உருளைகள் இருமுறை திசை மாறுவதால், வினாடிக்குப் பத்து முறை நின்று திரும்புகின்றன. கவ்வியும் அப்படியே முன்னும் பின்னும் ஆடுகிறது.

வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். முதலில் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு கையை வேகமாக முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னேன். பிறகு தமிழ் அகராதியைக் கொடுத்து அதே வேகத்தில் ஆட்டச் சொன்னேன். "முடியல சார், தோள்பட்டை வலிக்குது" என்றார்கள். எங்கே வலிக்கிறது, நடுவிலா, திரும்பும் இடத்திலா என்று கேட்டேன். "திரும்புற இடத்துலதான்!"

இயந்திரத்துக்கும் அங்கேதான் 'வலி'. ஆடும் தூரமும் எடையும் மாறாமல் வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், திருப்புவதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகும். வேகம் ஐந்து மடங்கானால் விசை 25 மடங்கு. ஹைல்மன் வகைப் பழைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு நூற்றுக்கும் குறைவான சுற்றுகளே ஓடின. இன்றைய இயந்திரங்கள் 500-ஐ எட்டுகின்றன. பழைய இயந்திரத்தில் பெரிய மோட்டாரை மாட்டி 500-இல் ஓட்டினால் அதிரும், தேயும், உடையும். உடையாமல் ஓடினாலும் கற்றைகள் சரியாகப் படியாது.

அசைவை எப்படிச் சீராக்கினார்கள்?

*முதலாவது, நேரத்தைப் பங்கிட்டது.* ஹைல்மனின் இயந்திரத்தில் வட்டச் சீப்பின் ஒரு பகுதியில் ஊசிகளும் இன்னொரு பகுதியில் வரிவரியான உலோகப் பட்டையும் இருந்தன. பஞ்சைப் பிரித்தெடுப்பதும் அந்தப் பட்டையின் மேல்தான் நடந்தது. ஆகவே பட்டை கடந்துபோகும் கொஞ்ச நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த நாஸ்மித் வகை இயந்திரம் இதை மாற்றியது. அதில் கவ்வியே முன்னால் நகர்ந்து, பஞ்சு முனையைத் தனி உருளைகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. பிரித்தெடுக்கக் கூடுதல் நேரம் கிடைத்தது. கற்றைகளும் நன்றாக ஏறிப் படிந்தன.

*இரண்டாவது, எடையையும் தூரத்தையும் குறைத்தது.* அகராதியை ஆட்ட முடியாவிட்டால் பேனாவை ஆட்டலாம். கவ்வியின் பாகங்களை இலேசான அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது ஆடும் தூரத்தையும் தேவையான அளவுக்குச் சுருக்கினார்கள்.

*மூன்றாவது, அசைவைத் தரும் வழியை மாற்றியது.* பழைய இயந்திரங்களில் முட்டைபோல் வளைந்த கேம் சக்கரங்கள்தான் பாகங்களைத் தள்ளின. வேகம் கூடினால் கேமின் மேல் உருளும் பாகம் துள்ளிக் குதிக்கும். சத்தமும் தேய்மானமும் வரும். அவற்றுக்குப் பதிலாக மூட்டுகளால் இணைந்த கம்பித்தண்டுகள் பெரும்பாலான இடங்களில் வந்தன. நம் முழங்கை, தோள் மூட்டு மாதிரி இவை திடீரென்று தட்டாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும்.

பிரித்தெடுக்கும் உருளைகளுக்கு வேற்றுமைப் பல்சக்கரத் தொகுதியைப் பயன்படுத்தினார்கள். விமான நிலையத்து நகரும் நடைபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதை ஒரே சீராக முன்னே போகிறது. நீங்கள் அதன் மேல் நின்று முன்னே நான்கடி, பின்னே நான்கடி நடக்கிறீர்கள். வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? நிறைய முன்னே போவீர்கள், கொஞ்சம் பின்னே வருவீர்கள். உருளைக்கு வேண்டியதும் இதுதான். ஒரு சீரான சுழற்சியையும் ஓர் ஆட்டத்தையும் பல்சக்கரங்கள் கூட்டி உருளைக்குத் தருகின்றன.

*நான்காவது, முறுக்கத்தைக் குறைத்தது.* ஒரு கோம்பரில் பொதுவாக எட்டுச் சீவுமிடங்கள் வரிசையாக இருக்கும். எட்டுக்கும் ஒரே நீண்ட உருளைதான். நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைத் திருப்பினால் மறுமுனை சற்றுத் தாமதமாகத்தானே திரும்பும்? உருளை இரும்பாக இருந்தாலும் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் திசை மாறும்போது சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். முதலாம் இடத்தில் சரியாகப் படியும் கற்றை எட்டாம் இடத்தில் பிசகும். அதனால் சில நவீன இயந்திரங்களில் உருளையை இரண்டு முனையிலிருந்தும் இயக்குகிறார்கள்.

இவற்றோடு நேரத் திருத்தமும் முக்கியம். கோம்பரில் ஒரு சுற்றை 40 பிரிவாகப் பிரித்துக் காட்டும் எண்தட்டு உண்டு. கவ்வி எந்தப் பிரிவில் மூட வேண்டும், உருளை எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்று அதை வைத்துத்தான் அமைப்பார்கள். 300 சுற்று வேகத்தில் ஒரு பிரிவு என்பது 0.005 வினாடி. அந்த அளவு பிசகினாலும் திரியில் தடிப்பும் மெலிவும் அலைபோல் மாறி மாறி வரலாம்.

ஒரு சின்னக் கணக்கு

பஞ்சு விரிப்பு மீட்டருக்கு 70 கிராம். சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் ஊட்டம். 300 சுற்று, எட்டு இடங்கள், 16 விழுக்காடு கழிவு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சுற்றுக்கு 70 × 0.005 = 0.35 கிராம். நிமிடத்துக்கு 0.35 × 300 = 105 கிராம். எட்டு இடங்களுக்கு 840 கிராம். மணிக்கு 50.4 கிலோ. கழிவு போக 42.3 கிலோ சீவிய பஞ்சு. இயந்திரம் இடையில் நிற்கவே இல்லை என்றால் வரும் கணக்கு இது. 500 சுற்று என்றால் மணிக்கு ஏறக்குறைய 70.6 கிலோ. இவ்வளவு மெனக்கெட்டது எதற்கு என்று இப்போது புரியும்.

தமிழில் எழுதும்போது

இத்தகைய விளக்கத்தில் நம் மாணவர்கள் தடுமாறுவது கலைச்சொல்லில் இல்லை, வினைச்சொல்லில். எல்லா வாக்கியத்தையும் "மேம்படுத்தப்பட்டது", "செய்யப்பட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். எது அசைந்தது, எப்போது அசைந்தது என்பது மறைந்துபோகிறது. தமிழில் இதற்கு அருமையான வசதி இருக்கிறது:

- ஒன்றன்பின் ஒன்று: கவ்வி மூடி, சீப்பு சீவி…
- உடனே: சீவி முடித்ததும்…
- ஒரே நேரத்தில்: நகர்ந்தபடியே, இழுக்கும்போது…
- முன்னதாக: புதிய முனை வந்து சேர்வதற்குள்…

எழுதி முடித்ததும் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எது அசைந்தது? எந்தப் பக்கம்? எப்போது? எதற்காக? நான்குக்கும் பதில் இருந்தால் அது விளக்கம். இல்லையென்றால் அது வெறும் பாராட்டு.

கலைச்சொல்லுக்கும் பயப்பட வேண்டாம். கோம்பர் உள்ளிட்ட நூற்பு இயந்திரங்களைத் தயாரிக்கும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனம் 1962-இல் தொடங்கியது கோயம்புத்தூரில்தான். அந்த வட்டாரத்தில் இந்த இயந்திரங்களைத் தமிழ் பேசுபவர்கள் தினமும் கழற்றி மாட்டுகிறார்கள். ஆகவே 'கோம்பர்' என்று எழுதினால் தவறில்லை. முதல்முறை வரும்போது இன்னது என்று விளக்கிவிட்டால் போதும்.

பயிற்சி

1. பிரித்தெடுக்கும் உருளைகள் ஏன் பின்னோக்கியும் சுழல்கின்றன? (குறிப்பு: கற்றைகள், ஏறிப் படிதல்)
2. சுற்று வேகத்தை 200-இலிருந்து 400 ஆக்கினால், மற்றவை மாறாதபோது, கவ்வியைத் திருப்பும் விசை எத்தனை மடங்காகும்? (விடை: 4)
3. "கவ்வி இலேசாக்கப்பட்டு இயந்திரம் மேம்படுத்தப்பட்டது." இவ்வாக்கியத்தை மேற்கண்ட நான்கு கேள்விகளுக்கும் விடை வருமாறு விரித்து எழுதுக.

அந்த மாணவருக்கு மறுவாரம் தாளைத் திரும்ப எழுதித் தரச் சொன்னேன். "மோட்டார் பெரிதானால் மட்டும் போதாது, திரும்பும் பாகம் இலேசாக வேண்டும், ஏனென்றால் திரும்பும் இடத்தில்தான் விசை அதிகம்" என்று எழுதியிருந்தார். முழு மதிப்பெண் போட்டேன். என் விடைப்பட்டியலையும் திருத்திக்கொண்டேன்.