க்ஷேம சமாசாரம் சொல்லும் பாத்திரங்கள்

செஞ்சியில், இராஜகிரியின் பாறைகளைப் பார்த்தபடி அமைந்த தெருக்களில், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் உத்தியோகம் தேடிப் போய்விடத் தனித்து வசிக்கும் மூதாட்டி சுகமாக இருக்கிறாரா என்று அண்டை வீட்டார் நாள்தோறும் கதவைத் தட்டி விசாரிப்பதில்லை, வாசல் தெளித்துக் கோலம் விழுந்திருந்தால் ஆயா எழுந்துவிட்டார் என்று நிம்மதி கொள்கிறார்கள், வெயில் ஏறியும் வாசல் வெறிச்சென்று கிடந்தால் “என்ன ஆயா, உடம்புக்கு ஆகலையா?” என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். செய்தி சொல்லும் நோக்கத்தோடு எவரும் கோலம் போடுவதில்லை. ஆயினும் செய்தி போய்ச் சேருகிறது. பெங்களூரில் இருக்கும் மகனுக்குத்தான் அது எட்டுவதில்லை.

அந்தத் தூரத்தைக் கடக்க ஜப்பானியர் கண்ட உபாயம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 1996-ல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், நோயுற்ற மகனும் அவனைப் பராமரித்த வயோதிகத் தாயும் இறந்துபோய், அது நெடுநாள் கழித்தே வெளியுலகுக்குத் தெரியவந்தது. அந்தத் துயரத்திலிருந்து பிறந்த யோசனையை ஏற்று, ஸோஜிருஷி என்னும் பாத்திரக் கம்பெனி 2001-ஆம் ஆண்டில் ஒரு மின்சார வெந்நீர்க் கெண்டியை உபயோகத்துக்குக் கொண்டுவந்தது. தேநீருக்காக வெந்நீர் பிடிக்கும்போதெல்லாம், கெண்டிக்குள் பொதிந்த கம்பியில்லாச் சாதனம் அதை ஒரு நிலையத்துக்குத் தெரிவிக்க, அங்கிருந்து நாளுக்கு இருமுறை பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் போகிறது. தாயார் புதிதாகக் கற்க வேண்டியது யாதொன்றும் இல்லை. வழக்கம்போல் தேநீர் அருந்தினால் போதும். எழுபது வயதுக்காரர் கையில் கைப்பேசியைத் திணித்து, இதைத் தொடு, அதைத் தள்ளு என்று வதைப்பதைக் காட்டிலும் இது எவ்வளவு கருணையான மார்க்கம்!

நம் சமையலறைப் பாத்திரங்களுக்கும் இந்த வித்தை சாத்தியமே. மனித உடலில் உப்பு கலந்த நீர் நிறைந்திருப்பதால் அது ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். எவர்சில்வர் சொம்பையோ செப்புக் குடத்தையோ மெல்லிய கம்பியால் ஒரு சிறு மின்னணுச் சில்லோடு இணைத்துவிட்டால், விரல் பட்ட மாத்திரத்தில் பாத்திரம் ஏற்கும் மின்னூட்டம் மாறுவதைச் சில்லு அளந்து அறிந்துகொள்கிறது. கைப்பேசித் திரை நம் ஸ்பரிசத்தை உணர்வதும் இதே தத்துவத்தால்தான். 2012-ல் டிஸ்னி ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த இவான் பூப்பிரெவ் முதலியோர், பல அதிர்வெண்களில் அளந்து, ஒரு கதவுக் குமிழை ஒற்றை விரல் தொடுகிறதா, முழுக் கை பற்றுகிறதா என்று பிரித்தறியச் செய்தார்கள். நீரில் விரல் தோய்வதையும் அம்முறை உணரும். ஆகவே மண்பானையும் விலக்கல்ல, உள்ளே ஒரு கம்பியை இறக்கிவிட்டால் போதும்.

ஆனால் பாத்திரம் பேசாதிருந்தால் அதற்கு என்ன பொருள் என்பதே கடினமான பிரச்சினை. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளான ஜனங்கள் போகிறார்கள். ஆயாவும் அவர்களோடு போய்விட்டால், மறுநாள் காலையில் தொடப்படாத சொம்பு பெங்களூரில் வீண் திகிலை மூட்டும். தவிரவும், நள்ளிரவில் எத்தனை தடவை எழுந்தார், எவ்வளவு நீர் குடித்தார் என்பதெல்லாம் அவர் அறியாமலே பிறர் கணக்கில் ஏறுவது, பெற்ற பிள்ளையே பார்ப்பதானாலும், எனக்குச் சம்மதமில்லை. எதைச் சொல்லலாம், எப்போது நிறுத்தலாம் என்பது அவர் கையிலேயே இருக்க வேண்டும். ஸோஜிருஷியின் கெண்டியிலேயே அதற்கு ஓரளவு வழி வைத்திருந்தார்கள்: வீட்டைவிட்டுப் புறப்படும்போது அழுத்த ஒரு பொத்தான், அதை அழுத்தினால், அம்மா வெளியே போயிருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.