கார்பனின் நான்கு கைகள்: அன்றும் இன்றும்

மூலக்கூறுக்கு வடிவம் உண்டு என்று சொல்வதற்கே 1874இல் துணிச்சல் வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் 22 வயது வான்ட் ஹாஃப் அதைச் சொன்னார்: கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன. பிரான்சில் லெ பெல்லும் அதே ஆண்டு தனியாக இதே கருத்துக்கு வந்தார். மீத்தேன் தட்டையான சதுரமாக இருந்தால், அதன் இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதில் குளோரின் அமர்ந்த டைகுளோரோமீத்தேன் இரண்டு வகையாகக் கிடைக்க வேண்டும். குளோரின்கள் அடுத்தடுத்து அமைந்தது ஒன்று, எதிரெதிரே அமைந்தது மற்றொன்று. கிடைத்ததோ ஒன்றே ஒன்று. அப்படியும் ஜெர்மனியின் மூத்த வேதியியலர் கோல்பே 1877இல் இதை வெறும் கற்பனை என்று ஏளனம் செய்தார். வேதியியலின் முதல் நோபல் பரிசு 1901இல் வான்ட் ஹாஃபுக்கே கிடைத்தது.

வடிவம் நிலைத்தது, காரணம் பிடிபடவில்லை. குவாண்டம் இயற்பியல் வந்ததும் சிக்கல் கூடியது. கார்பனின் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய பகுதிகளான ஆர்பிட்டால்கள் நான்கு: கோள வடிவ எஸ் ஆர்பிட்டால் ஒன்று, ஒன்றுக்கொன்று செங்குத்தான பி ஆர்பிட்டால்கள் மூன்று. இவற்றிலிருந்து நான்கு சமமான பிணைப்புகள் எப்படி வரும்? நான்கையும் கணிதப்படி கலந்தால் 109.5 பாகைக் கோணத்தில் நான்கு சமமான ஆர்பிட்டால்கள் கிடைக்கும் என்று 1931இல் லைனஸ் பாலிங் காட்டினார். அதுதான் இனக்கலப்பு.

இன்று பள்ளி மாணவரே இதைக் கொண்டு வடிவத்தைக் கணிக்கிறார். ஓர் எஸ்ஸும் மூன்று பியும் கலந்த எஸ்பி3 என்றால் நான்முகி. இரண்டு பி மட்டும் கலந்த எஸ்பி2 என்றால் 120 பாகை, எத்திலீனைப் போலத் தட்டை. ஒரே ஒரு பி கலந்த எஸ்பி என்றால் 180 பாகை, அசிட்டிலீனைப் போல நேர்கோடு. எஸ்பி2 கார்பனில் கலக்காமல் எஞ்சும் பி ஆர்பிட்டால் பை பிணைப்பை உருவாக்கி, இரட்டைப் பிணைப்பைச் சுழல விடாமல் பூட்டுகிறது. நம் விழித்திரையின் ரெட்டினாலில் ஒளி பட்டதும் அப்படியொரு பூட்டு திறந்து, வளைந்த மூலக்கூறு நிமிர்கிறது. பார்வை அங்கே தொடங்குகிறது.

ஆனால் நான்கு சமமான ஆர்பிட்டால்கள் என்ற இந்தப் படத்துக்கு மாறாக, மீத்தேனின் பிணைப்பு எலக்ட்ரான்கள் இரு வேறு ஆற்றல் மட்டங்களில் இருப்பதை இன்றைய நிறமாலைகள் காட்டுகின்றன. எனவே இனக்கலப்பு என்பது அணுவுக்குள் நடந்தேறும் நிகழ்ச்சி அல்ல. வடிவத்தை விளக்க நாம் கையாளும் கணித வழி. வகுப்பறையில் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எஸ்பி3, எஸ்பி2, எஸ்பி என்று அட்டவணையாக ஒப்பிக்கும் மாணவருக்குக் கோணங்கள் மட்டுமே மிஞ்சும். சதுரம் ஏன் பொருந்தவில்லை என்று கேட்டுப் பழகியவரோ, இதுவரை யாரும் தயாரிக்காத மூலக்கூறின் வடிவத்தையும் தாமே யோசித்துக் காண்பார்.