ஊர்த் தண்ணி முதல் சிமென்ட் ரோடு வரை... 10 ரூபாயில் கேட்டு வாங்கலாம்!

தருமபுரிக்காரர்களுக்கு ஃபுளோரைடு புதுசு இல்லை. மாவட்டத்தின் பல கிராமங்களில் பெரியவர்கள் சிரிக்கும்போது பல்லில் தெரியும் பழுப்புக் கறைக்கு வெற்றிலை பாக்கு மட்டும் காரணம் கிடையாது. வருஷக்கணக்கா குடிச்ச போர்வெல் தண்ணிக்கும் அதில் பங்கு உண்டு. இதைச் சரிபண்ணத்தான் ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கியும் வெச்சாங்க.

சரி, இன்னைக்கு உங்க தெருக் குழாயில் வர்றது காவிரித் தண்ணியா, ஊர் போர்வெல் தண்ணியா, ரெண்டும் கலந்ததா? கடைசியா அதை எப்போ டெஸ்ட் பண்ணாங்க? குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீராதாரமே இல்லைன்னா 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்க தண்ணியில் எவ்வளவு?

போனை எடுத்துத் தேடிப் பாருங்க. மாவட்டத்தைப் பற்றிக் கட்டுரை கிடைக்கும். ஜல் ஜீவன் மிஷன் இணையதளத்தில் சில பரிசோதனை முடிவுகளும் கிடைக்கலாம். உங்க தெருத் தண்ணித் தொட்டிக்கான நம்பர் கிடைப்பது கஷ்டம். ஆனா, யாராவது டெஸ்ட் பண்ணியிருந்தா அந்த நம்பர் ஏதோ ஒரு அலுவலகத்தில், ஏதோ ஒரு ஃபைலில் இருக்கு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் மனுவில் அதை வாங்கிடலாம். ஒருவேளை டெஸ்ட்டே பண்ணலைன்னா, ‘அப்படி ஓர் ஆவணம் இல்லை’ன்னு எழுத்தில் பதில் வரும். கையெழுத்தும் சீலும் போட்ட அந்தப் பதில், ரிப்போர்ட்டைவிடப் பெரிய தகவல்.

ஒரு கிராமத்துக் கணக்கில் பிறந்த சட்டம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஆர்.டி.ஐ-ன்னு சொன்னாலே டெல்லி, ஊழல், டி.வி விவாதம்னு ஞாபகம் வரும். ஆனா, இதன் வேர் ராஜஸ்தான் கிராமங்களில் இருக்கு. வறட்சி நிவாரண வேலை செஞ்ச கூலிக்காரர்களுக்கு முழுச் சம்பளம் வரலை. கேட்டா, ‘நீ அவ்வளவு வேலை செய்யலைன்னு ரெக்கார்டில் இருக்கு’ன்னு பதில். ‘அப்போ அந்த ரெக்கார்டைக் காட்டு’ன்னு அவங்க திருப்பிக் கேட்டதுதான் தொடக்கம். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994-ல் ஊர் நடுவில் கணக்குகளைச் சத்தமா வாசிக்கிற மக்கள் விசாரணைகளை ஆரம்பிச்சது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்துச்சு. மத்தியச் சட்டம் வர இன்னும் 9 வருஷம் ஆச்சு. நடுவில், 1997-லேயே தமிழ்நாடு தனக்குன்னு ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டுச்சு. முன்னோடிதான். ஆனா விதிவிலக்குகள் ஏராளம் என்பதால் பெரிசா பயன்படலை.

அந்தக் கூலிக்காரர்கள் ‘ஏன் எங்களை ஏமாத்துறீங்க?’ன்னு கேட்டிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது. அவங்க கேட்டது ரெக்கார்டை. ஆர்.டி.ஐ. போட்டுத் தோற்கிற நிறைய பேர் கவனிக்காம விடுற இடம் இது.

‘ஏன்’னு கேட்காதீங்க, நகல் கேளுங்க

இந்தச் சட்டம் உங்களுக்குத் தருவது விளக்கம் இல்லை, ஆவணம். ஏற்கெனவே அலுவலகத்தில் இருப்பதைத்தான் அவங்க தரணும், உங்களுக்காகப் புதுசா ஒண்ணை உருவாக்கித் தரவேண்டியதில்லைன்னு 2011-ல் உச்ச நீதிமன்றமே தெளிவாச் சொல்லிடுச்சு. (அதே தீர்ப்பில்தான், தேர்வு எழுதினவங்க தங்களோட விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டுன்னும் சொன்னாங்க. போட்டித் தேர்வு எழுதுறவங்க நோட் பண்ணிக்குங்க.)

‘எங்க தெரு ரோடு ஏன் ஆறே மாசத்தில் பெயர்ந்துபோச்சு?’ன்னு கேட்டா, ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ன்னு ஒரு வரியில் முடிச்சிடுவாங்க. அதையே இப்படி எழுதிப் பாருங்க:

‘மேற்படி ஊராட்சி, பள்ளிக்கூடத் தெரு சிமென்ட் சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும்.’

இதில் அளவுப் புத்தகம்தான் ஹீரோ. அலுவலகத்தில் எம்-புக்னு சொல்லுவாங்க. ரோடு எத்தனை மீட்டர் நீளம், என்ன அகலம், எவ்வளவு கனம்னு அளந்து பொறியாளர் எழுதி வைக்கிற புத்தகம் அது. அதை வெச்சுத்தான் பில் பாஸ் ஆகும். அந்தப் பக்கத்தோட நகல் கைக்கு வந்துட்டா, உங்களுக்கு வேறு எந்த நிபுணரும் வேண்டாம். ஒரு டேப்பும் ரெண்டு நண்பர்களும் போதும். புத்தகத்தில் 120 மீட்டர், தரையில் 90 மீட்டர்னா மீதி 30 மீட்டருக்கு யார் பதில் சொல்லணும்னு ஊருக்கே புரிஞ்சிடும். நகல் வாங்குறது மட்டுமில்லை, வேலை நடக்குற இடத்தை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும்கூட இந்தச் சட்டம் வழிவிடுது. யாரும் அவ்வளவா பயன்படுத்தாத வசதி இது.

தண்ணிக்கும் இதே ஃபார்முலா. ‘கடந்த 3 ஆண்டுகளில் எங்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிகள், ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்த நீர் மாதிரிகளின் பரிசோதனை அறிக்கை நகல்கள்’னு கேளுங்க. காலம், இடம், ஆவணத்தின் பெயர் மூணும் இருக்கணும். ஒரே மனுவில் 40 கேள்வி வேண்டாம், நாலஞ்சு போதும்.

இன்னொண்ணு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீதோடு காத்திருக்கிற ஆளா நீங்க? அந்த மனு எண்ணைப் போட்டு, ‘இம்மனு எந்தெந்த அலுவலருக்கு, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, அவர்கள் எழுதிய குறிப்புகளின் நகல்’ கேட்டுப் பாருங்க. தூங்குற ஃபைலைத் தட்டி எழுப்ப இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

யாருக்கு, எப்படி அனுப்புவது?

மனுவில் ஆளோட பேர் வேண்டாம், ‘பொதுத் தகவல் அலுவலர்’னு போட்டு அலுவலக முகவரி எழுதினாப் போதும். தருமபுரி மாவட்டத்தில் 10 ஊராட்சி ஒன்றியங்கள், 251 கிராம ஊராட்சிகள். ஊராட்சி விஷயம்னா உங்க ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகத்துக்கு அனுப்புங்க. நீர்ப் பரிசோதனைன்னா தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட அலுவலகம். பட்டா மாறுதல் இழுத்தடிச்சா தாலுகா ஆபீஸ். தப்பான இடத்துக்குப் போயிடுச்சா? கவலை வேண்டாம். 6(3) பிரிவுப்படி, 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவங்களே மாத்தி அனுப்பணும். ‘எங்களோடது இல்லை’ன்னு உங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கக் கூடாது.

நான் இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள்னு ஒரு வரி எழுதுங்க. எதுக்காகக் கேட்கிறீங்கன்னு சொல்லவே வேண்டாம், அவங்களும் கேட்கக் கூடாது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்கிறவங்க அதற்கான சான்று வெச்சா 10 ரூபாயும் தேவையில்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நிறைய பக்கம் இருக்கும்னு தோணுச்சுன்னா, ‘நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்’னு கேளுங்க. முதல் ஒரு மணி நேரம் இலவசம். ரயில்வே மாதிரி மத்திய அரசு அலுவலகம்னா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது, அங்க போஸ்டல் ஆர்டர். தமிழ்நாடு அரசுக்கு ஆன்லைன் ஆர்.டி.ஐ. தளமும் இருக்கு. உங்க அலுவலகம் அந்தப் பட்டியலில் இருக்கான்னு முதலில் பாருங்க. இல்லைன்னா ஸ்பீட் போஸ்ட்தான். ரசீதையும் மனுவையும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

மனு அவங்க கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். பதில் வரலை, இல்லை அரைகுறையா வந்துச்சுன்னா, அதே அலுவலகத்தில் அவருக்கு மேல இருக்கும் அதிகாரிக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதுக்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் சரிவரலைன்னா 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாம தாமதிச்ச அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். அது அவர் சொந்தப் பணம். ஆனா, ஆணையத்தில் விசாரணைக்கு வர மாசக்கணக்கில் ஆகலாம். அதனால முதல் மனுவையே ஓட்டை இல்லாம எழுதுறது உங்க கையில்தான் இருக்கு.

‘இது தனிப்பட்ட தகவல், தர முடியாது’ என்ற பதிலை இனி அதிகம் பார்ப்பீங்க. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐ-யின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, இந்தக் காரணத்தைச் சொல்றதை ரொம்ப சுலபமாக்கிடுச்சு. பயனாளிகள் பட்டியல் கேட்கும்போது இது இடிக்கும். அப்போ மேல்முறையீட்டில் 8(2) பிரிவைக் குறிப்பிடுங்க. பொதுநலன் பெரிசா இருந்தா தகவலைத் தரலாம்னு சொல்ற பிரிவு அது. 10-வது பிரிவையும் சேர்த்துக்குங்க. மறைக்கவேண்டிய பேரை, எண்ணை மட்டும் மறைச்சிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்லும் பிரிவு.

‘தம்பி, நேர்ல வாங்க பேசலாம்’

மனு போன நாலாவது நாள் இப்படி ஒரு போன் வரலாம். சென்னையில் ஆர்.டி.ஐ. போடுறவர் யாருன்னு பக்கத்து வீட்டுக்கே தெரியாது. கிராமத்தில் டீக்கடை வரைக்கும் தெரிஞ்சிடும். பயம் நியாயமானதுதான். புனே பக்கம் நில மோசடிகளை ஆர்.டி.ஐ. மூலம் வெளிக்கொண்டுவந்த சதீஷ் ஷெட்டி, 2010 ஜனவரியில் வெட்டிக் கொல்லப்பட்டார். எல்லா மனுவும் அப்படிப்பட்டதில்லை. உங்க தண்ணி ரிப்போர்ட்டுக்காக யாரும் அரிவாளைத் தூக்க மாட்டாங்க. ஆனா மணல், கல்குவாரி, நிலம்னு போகும்போது தனியா இறங்காதீங்க. ஒரே கேள்வியை அஞ்சு பேர் தனித்தனியா அனுப்புங்க, வேறு ஊரில் இருக்கும் நண்பரை அனுப்பச் சொல்லுங்க. மனுவில் போன் நம்பர் எழுதவேண்டிய அவசியமே இல்லை, பதில் வர முகவரி இருந்தாப் போதும். யாராவது கூப்பிட்டா, ‘எழுத்தில் அனுப்புங்க சார்’ன்னு மரியாதையா முடிச்சுக்குங்க.

எல்லாத்துக்கும் ஆர்.டி.ஐ. வேண்டாம் என்பதையும் சொல்லிடணும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கம் எல்லாம் ஆன்லைனிலேயே பார்த்துக்கலாம். அதுக்குப் போய் 30 நாள் காத்திருக்கிறது வீண்.

தருமபுரி ஊராட்சிகளில் 2019 உள்ளாட்சித் தேர்தலில் ஜெயிச்சவங்களோட பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிஞ்சு, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. அந்த 5 வருஷக் கணக்கு எல்லாம் ஃபைலில் இருக்கு, கேட்கலாம். வாங்குற நகலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு நிறுத்தாம கிராம சபைக்கு எடுத்துட்டுப் போங்க. வருஷத்துக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்னைக்கு உங்க ஊர் ஃபுளோரைடு ரிப்போர்ட் கையில் இருக்கணும்னா, தபால் போற நாள், 5 நாள் மாத்தி அனுப்புறது, 30 நாள் கெடு எல்லாம் கணக்குப் போட்டு பிப்ரவரி முதல் வாரத்துக்குள் மனுவை அனுப்பிடுங்க.