அமெரிக்கக் கல்லூரி வாசல் – 9: மார்க்கை அள்ளிப்போடும் புரொபசர்

முதல் வருடம் எகனாமிக்ஸ் எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "யார்கிட்ட சேர்ந்தா ஏ கிடைக்கும்?" சீனியர்களை விசாரிப்பார்கள். 1999 முதல் இயங்கிவரும் 'ரேட் மை புரொபசர்ஸ்' தளத்தைப் புரட்டுவார்கள். (புரொபசரின் அழகுக்கு மிளகாய்ப் படம் போடும் வழக்கமும் அங்கே இருந்தது. 2018-இல்தான் எடுத்தார்கள்!)

மார்க் தருபவர்தான் நல்ல வாத்தியாரா? கொலராடோவில் இருக்கிற அமெரிக்க விமானப்படை அகாடமியில் இதற்குப் பதில் கிடைத்தது. முதலாண்டுப் பாடங்களில் அங்கே ஆசிரியரை மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. ஒதுக்கிய வகுப்பில் உட்கார வேண்டியதுதான். எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை அலசி, 2010-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கால்குலஸ் முதல் பாடத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் நிறைய மார்க் வாங்கினார்கள், ஆசிரியரையும் மெச்சினார்கள். அடுத்தடுத்த பாடங்களில் முந்தியதோ, பழுத்த ஆசிரியர்களிடம் முதலில் திணறியவர்கள்! தேர்வுக்கு மட்டும் தயார் செய்வது ஒன்று, பாடத்தை ஆழமாகப் புரியவைப்பது வேறொன்று.

அது கணக்குப் பாடம்தான். ஆனால் எகனாமிக்ஸிலும் முதல் பாடத்துக்குப் பின்னால் இன்டர்மீடியட் மைக்ரோ என்ற அடுத்த பாடம் காத்திருக்கிறது.

இன்னொரு மயக்கம், பெரிய பெயர். ஹார்வர்டின் 'எக் 10' என்ற அறிமுகப் பொருளாதார வகுப்பைப் பல ஆண்டுகள் நடத்தியவர் கிரெகரி மேன்கியூ. உலகமெங்கும் விற்கும் பாடநூலை எழுதியவர். பாடம் ஒருசார்பாக இருக்கிறதென்று 2011 நவம்பர் 2-ஆம் தேதி மாணவர்கள் சிலர் வெளிநடப்பே செய்தார்கள். அவர்கள் கோபம் சரியா என்பது தனி விவாதம். நமக்கு வேண்டிய விஷயம், மேன்கியூ எப்போதாவதுதான் மேடையேறினார் என்பது. வாராவாரம் 'செக்‌ஷன்' என்ற சின்ன வகுப்புகளில் பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சி மாணவர்கள்.

ஆகவே செக்‌ஷன் எடுப்பது யார் என்று விசாரியுங்கள். வகுப்பு மாற்ற அனுமதி உள்ள முதல் வாரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பில் ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள்: பிரேசிலில் பனி விழுந்து காபி விலை ஏறுகிறது. டிமாண்ட் கோடு நகருமா, கோடு அப்படியே இருக்க நாம்தான் அதன்மேல் நகர்வோமா? கோடே நகரும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். "தப்பு, எழுதிக்கோ" என்று அடுத்த படத்துக்குத் தாவுபவர் வேண்டாம். "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று சாக்பீஸை நீட்டிப் பலகைக்கு அழைக்கிறவர் கிடைத்தால், மார்க்கில் கஞ்சனாக இருந்தாலும் அவரிடமே பதிவு செய்துகொள்ளுங்கள்.